ஒன்பது மில்லிமீட்டர்

இடது முன்கையில் பேனாவால்
மூன்று வட்டம் போடுகிறேன்.
ஒன்றில் உப்புநீர், ஒன்றில் ஹிஸ்டமின்,
மூன்றாவதில் பனிநண்டின் சாறு.
ஊசிமுனையால் மூன்றிலும் ஒரு சின்னக் குத்து.
இனி பதினைந்து நிமிடம்.
சொறியக் கூடாது, மார்செல்லா.

தெரியும், என்கிறாள்.
ஐந்து நாளாக மாத்திரை போடாத தோல்
சட்டைக்கை உரசினாலே சிவக்கிறது.
ஒரு ஷிப்டை விட்டுவிட்டு
ஐந்து மணிநேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.
ஜன்னலுக்கு வெளியே, செயின்ட் ஜான்ஸ் துறைமுக வாயிலில்,
மே மாதத்திலும் ஒரு பனிப்பாறை
காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரன்போல் நிற்கிறது.

முதல் கோடையில் ஒன்றும் ஆகலையே, என்கிறாள்.

எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.
முதல் கோடையில்தான் எல்லாம் ஆனது.
கொதிகலன் ஆவியில் மிதந்த புரதத் துணுக்கு
உன் மூக்கின் ஈரத்தில் இறங்கியது.
ஒரு செல் அதை விழுங்கிப் பார்த்தது,
நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டியது.
அங்கே தவறான பெயரில் பதிவானது:
புழு.

குடலில் நெளியும் புழுவுக்கென்று
எந்த யுகத்திலோ வார்த்த ஆயுதம்.
இந்தக் குளிர்க்கரைக்குப் புழு வரவில்லை.
வேலையில்லாத காவல்காரன்
பால்காரனிடமும் அடையாள அட்டை கேட்பான்.

கவட்டை வடிவ எதிர்ப்பொருள்கள்
ஆயிரமாயிரமாய் வந்து
மாஸ்ட் செல்களின் மேல் குத்திட்டு நின்றன,
தோலுக்கடியிலும் மூச்சுக்குழல் சுவரிலும்.
வயிறு நிறைய மருந்துக் குருணையோடு
அந்தச் செல்கள் காத்திருந்தன.
நீ அப்போது சம்பளப் பணத்தில்
மகனுக்கு ஸ்கேட் வாங்கிக்கொண்டிருந்தாய்.

இரண்டாம் கோடையில் மணிக்கட்டில் தடிப்பு.
கையுறையைச் சந்தேகித்தாய். மாற்றினாய்.
மூன்றாம் கோடையில்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்ல மூச்சு.

ஒன்பதாம் நிமிடம். மூன்றாம் வட்டம் எழுகிறது.
இரண்டு கவட்டையை ஒரே நண்டுத்துகள் பிடித்து இழுக்க
செல் தன் குருணையை எல்லாம் கொட்டிவிட்டது.
நாளங்கள் கசிகின்றன, நரம்பு அரிக்கிறது.
மூச்சுக்குழலில் இதே கதை நடந்தால்
தசை இறுகும், விசில் கேட்கும்.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது
பழமொழியில்தான் முட்டாள்தனம்.
உடம்பில் அது கடமை.

ஆனால் இது வைக்கோல் தீ, சீக்கிரம் அடங்கும்.
அடங்குமுன் ஆள் அனுப்பிவிடும், அதுதான் விஷயம்.
இரவு இயோசினோபில்கள் வந்து சேரும்.
சண்டை முடிந்த வீட்டில்
மிச்சமிருக்கும் பாத்திரத்தைத் தேடி உடைக்கும்.
அதனால்தான் நீ நண்டுக்கூடத்தில் இருமாமல்
உன் படுக்கையில் இருமுகிறாய்,
விடியற்காலை இரண்டு மணிக்கு.

அளவுகோலை வைக்கிறேன்.
உப்புநீர் பூஜ்யம். ஹிஸ்டமின் ஐந்து.
நண்டு ஒன்பது.

இரண்டுன்னு எழுதக் கூடாதா, டெர்மட்?
பூஜ்யம் கேக்கலையே நான்.
காப்புப்பணத்துக்கு இன்னும் நூற்றெண்பது மணிநேரம் குறையுது.

என் தம்பி அதே கொதிகலனில்தான் நிற்கிறான்.
இதுவரை ஒரு தும்மல்கூட இல்லை.
அவன் மூக்கில் இந்த வாரம்
என்ன பெயர் பதிவாகிறதோ.

வட்டம் போட்ட அதே பேனாவால்
ஒன்பது என்று எழுதினேன்.
அவள் சட்டைக்கையை இறக்கிக்கொண்டாள்.

டிசம்பரில் கடையில் பார்த்தேன்.
ஆலை மூடியிருந்தது, கன்னத்தில் நிறம் வந்திருந்தது.
சரியாப் போச்சு, என்றாள்,
படியெல்லாம் ஓடி ஏறுறேன்.
ஏப்ரலில் பெயர் கொடுத்திருக்கிறாளாம்,
பெட்டி மடிக்கும் பக்கம். ஆவி அங்கே வராதாம்.
நல்லது, என்றேன்.
கொட்டித் தீர்த்த செல்கள்
இந்த அமைதியில்தான் குருணை நிரப்பிக்கொள்ளும்
என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் பேசிக்கொண்டே,
நான் கவனிப்பதைக் கவனிக்காமல்,
தள்ளுவண்டியை
மீன் உறைபெட்டியிலிருந்து
இரண்டடி தள்ளி நிறுத்தினாள்.