மொழிபெயர்ப்பாளருக்கு ஊற்றுவதில்லை

களுவாஞ்சிகுடி கள்ளுப் போத்தல் தொழிற்சாலையில்
பழைய களஞ்சிய அறைக்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள்:
காட்சிக்கூடம்.
டிக்கட் நூறு ரூபா, வெளிநாட்டவருக்கு ஐந்நூறு.
எனக்கு இலவசம். நான் குரோக்கி ஐயாவின் வாய்.

நீகாத்தாவில் அவருக்கு அரிசியில் சாக்கே செய்யும் சிற்றாலை.
அங்கேயும் ஒரு காட்சியறை உண்டாம்,
இதைவிட ஒரு யன்னல் கூட.
ஆறு வருசம் அவர் நாட்டில்
கார்க் கதவுகளுக்கு றப்பர் ஒட்டினேன்.
அந்தப் பாஷை எனக்கு விரலிலிருந்து நாக்குக்கு ஏறியது.

நேசதுரை அண்ணன் துவாயால் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார்.
பாளைக் கத்தி. இடுப்புக் கயிறு.
எழுபத்தெட்டுச் சூறாவளியில்
விழுந்த தென்னைக்குக் கீழே கிடந்தும் உடையாத போத்தல்.
பிறகு இரண்டு முட்டிகள்.
'இதுக்குள்ள சுண்ணாம்பு பூசின. புளிக்காது, இனிப்பாவே நிற்கும்.
மற்றதுக்குப் பூசல்ல. சொல்லுங்க அவருக்கு.'

புளிப்பதற்கு
றப்பர் ஒட்டுகிற இடத்தில் யாரும் எனக்குச் சொல் தரவில்லை.
பழுதாகிறது என்றேன்.
இல்லை இல்லை என்று தலையாட்டி
இரு கைகளையும் குவித்து மெல்ல விரித்தார்,
விடியற்காலைத் தோசை மாவைப் போல.
ஹக்கோ, என்றார். கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

சுண்ணாம்பு முட்டிக்குள் மூக்கை விட்டார். ஒன்றுமில்லை.
மற்றதுக்குள் விட்டவர்
வெளியே எடுக்க நேரமாயிற்று.
பதினொரு வருசம் வெறுமையாய் இருந்த முட்டி.
காட்சிக்கூடம் என்றாலே சுண்ணாம்பு பூசுவதுதானே,
இது எப்படித் தப்பியது
என்று எனக்குள் ஓடியதை மொழிபெயர்க்கவில்லை.
அதற்குச் சம்பளமில்லை.

சுவரிலிருந்த பலகையையும் வாசிக்கச் சொன்னார்.
'பெண்களுக்கு மதுபானம் விற்கப்படமாட்டாது.'
பிசகாமல் வாசித்தேன்.
அவர்களுக்கும் வினைச்சொல் கடைசியில்தான் வரும்,
மறுப்பு அதற்கும் கடைசியில்.
பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
'பெண் காலடி பட்டால் மது கெடும் என்று
எங்கள் ஆலையிலும் முன்பு சொல்வார்கள்.'
'இப்போது?'
'இப்போது என் தங்கைதான் தலைமை.'

'என்ன சொல்றார்?' என்றார் நேசதுரை அண்ணன்.
'எழுத்து வடிவாய் இருக்காம்.'

பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்தார் குரோக்கி ஐயா.
அண்ணன் கொண்டுவந்த கிளாஸ் இரண்டு.
மூடியில் ஒரு துளி விட்டு
என் பக்கம் நீட்டினார்: மணந்து பாருங்கள்.

வெல்லாவெளி.
அறுவடைக்குப் பின் வந்த தை வெள்ளம்.
மூன்று நாள் தண்ணீரில் நின்ற மூட்டைகளுக்குள்
நெல் முளைவிட்டு,
அப்பா முதல் சாக்கைப் பிரித்தபோது
சூடாக எழுந்து வீடு முழுக்க நின்றது இதே மணம்.
எண்பத்தாறு மூட்டை.
வங்கிக்காரன் இன்னும் வருகிறான்.

'எப்படி?'
'நனைந்த நெல்' என்றேன்.
அவர் முகம் மலர்ந்தது.
'அதேதான்! அந்த மணத்துக்காக
குளிர்காலம் முழுக்க நாங்கள் சரியாய்த் தூங்குவதில்லை.'

'என்னவாம்கா?'
'நல்லமாம்.'

மூடி என் கையில்தான் இருந்தது.
அதில் துளி இல்லை.