முட்டைக் கணக்கு

மியாசாகியில் மீன்வலை நூல் திரிக்கும் கம்பெனி,
அதன் ஓட்டக்காரப் பெண்களுக்கு ஒரு விடுதி.
பன்னிரண்டு வருடமாக அங்கே அடுப்பு என்னுடையது.

சமையலறையில் ஒரு தராசு,
குளியலறை வாசலில் இன்னொன்று.
என்னுடையது சோற்றை நிறுக்கும்.
அது பெண்களை நிறுக்கும்,
தினம் இரண்டு வேளை,
பயிற்சியாளர் ஒனிஸுகா பென்சிலோடு நிற்க.

குராமொச்சி சிஸுரு வந்தபோது நாற்பத்தொரு கிலோ.
எண்பது கிராம் சோறு கேட்பாள்.
எண்பத்திரண்டு விழுந்துவிட்டால்
நகரமாட்டாள்.
அந்த இரண்டு கிராமை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்:
நாற்பத்து மூன்று பருக்கை.

மார்ச்சில் முன்னங்கால் எலும்பில்
முடி அளவுக்கு ஒரு விரிசல்.
விழவில்லை, எதிலும் மோதவில்லை.
வெறும் சாலை. வெறும் காலை.
மருத்துவர் எலும்பை விட்டுவிட்டு
மாதவிலக்கைப் பற்றிக் கேட்டாராம்.
விரல்விட்டு எண்ணினாளாம்,
மாதங்களை அல்ல.
சீட்டில் எழுதிக் கொடுத்தார்:
நான்கு கிலோ. தசையாக.
மருந்துக்கடைக்குப் போகவேண்டிய சீட்டு
என்னிடம் வந்தது.

தசை, சதை.
இரண்டுக்கும் அதே எழுத்துகள், இடம்தான் வேறு.
ஒனிஸுகாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.
"ஒரு கிலோவுக்கு எத்தனை விநாடி போகும், தெரியுமா?"
நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
நிறுத்தவில்லை.

காலையில் ஊன்றுகோல் சத்தம், இரண்டு முட்டை.
பத்து மணிக்கு டோஃபு.
மதியம் கானாங்கெளுத்தி.
இரவில் கோழி ஈரல்.
கடைசிச் சுற்றில் முந்த வருகிறவளைப் பார்ப்பதுபோல
அதைப் பார்ப்பாள்.
முதல் வாரமே குப்பையில் கண்டேன்,
காகிதத்தில் சுருட்டிய சோறு.
யாரிடமும் சொல்லவில்லை.
மறுநாள் உருண்டை பிடித்து
நடுவில் உப்புப் பிளம் வைத்து
கையிலேயே கொடுத்தேன்.
தட்டில் இருப்பதை ஒளிப்பது சுலபம்.

நூல் கிடங்குக்குப் பின்னால் இரும்புத் தண்டு.
முதலில் வெறும் தண்டு,
அதுவே அவளில் பாதி.
ஜூனில் அவள் அளவு இரும்பு.
ஆகஸ்டில் அதற்கும் மேலே.
முன்பெல்லாம் படியிறங்கினால் காகிதம் விழுவதுபோல இருக்கும்.
இப்போது ஆள் வருகிறது என்று தெரிந்தது.

பழைய ஓட்டக் கால்சட்டை தொடைக்கு மேல் ஏறவில்லை.
அதைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.
அழப்போகிறாள் என்று கைத்துண்டை எடுத்து வைத்தேன்.
"கத்தரிக்கோல் இருக்கிறதா?" என்றாள்.
பிறகு ஷூ துடைக்க அதுதான்.

அக்டோபரில் ஒருநாள், நாலரை மணி,
அரிசி களைந்த கையோடு கதவைத் திறந்தேன்.
"வந்துவிட்டது," என்றாள்.
"என்னிடம் ஒன்றும் இல்லை.
என்ன வாங்குவது என்பதே மறந்துவிட்டது."
எனக்கு நின்று ஆறு வருடம்.
இருவரும் கொஞ்ச நேரம்
பானையில் நீர் கொதிப்பதைக் கேட்டோம்.
அப்புறம் நான் சைக்கிளை எடுத்தேன்.

நவம்பர் அஞ்சல் ஓட்டத்தில் மூன்றாவது கட்டம் அவளுக்கு.
நான்காவதாகத் துணிப்பட்டையை வாங்கினாள்,
ஆறாவதாகக் கொடுத்தாள்.
அதை மாற்றிச் சொல்ல முடியாது.
ஒனிஸுகாவின் நோட்டில் இருக்கிறது.
தொலைக்காட்சியில் நான் வேறொன்றைப் பார்த்தேன்.
கோட்டைத் தாண்டியதும் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சரிகிறார்கள்,
போர்வையில் சுற்றித் தூக்கிப் போகிறார்கள்.
அவர்களுக்கு நடுவே இவள்
இடுப்பில் கை வைத்து,
பேருந்து ஏன் தாமதம் என்பவள்போல,
நிற்கிறாள்.

இப்போது வருடக் கடைசி.
கணக்குப் பிரிவின் மிமுரா கேட்கிறார்:
முட்டைச் செலவு எப்படி இரட்டிப்பானது?
படிவத்தில் மீன் உண்டு, காய்கறி உண்டு,
அரிசி உண்டு, எரிவாயு உண்டு.
'இதர' என்ற கட்டத்தில் எழுதினேன்:
எலும்பு, தொடை, ரத்தம்.
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
மறுபடி எழுத வேண்டும்.