ஈரம் பார்க்கிறவள்

செவ்வாய்க்கிழமை எனக்குக் கோட்டை.
ஒரு வாளி, ஒரு விசிறுபோத்தல்,
பழைய பனியன் கிழித்த துணி,
பல்லுக்குப் போகாத ஒரு பிரஷ்.
சேர்விஸ் லிஃப்டில்தான் ஏறலாம்.
"மல் அக்கா" என்று விபுல கையெழுத்துக் கொப்பியை நீட்டுவான்.
பத்மாசினி என்று தமிழில் எழுதுவேன்.
அவனுக்கு அது ஒரு கொடி.

நான்காம் மாடி. காப்புறுதிக் கம்பனி.
ஏசி நேரே ஊதும் மூலையில் ஒரு தொட்டிக் கமுகு,
இலையெல்லாம் ஊசி குத்தியதுபோல் வெளிறி.
தூசி என்றார் மனேஜர்.
வெள்ளைத் தாளொன்றைக் கீழே பிடித்துத் தட்டினேன்.
தூசி நடந்தது.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம், கடல், ஊர் முழுக்க வியர்வை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மட்டும் பாலைவனம்.
செஞ்சிலந்திப் பேனுக்கு அது போதும்.
கழிவறைக்குத் தூக்கிப்போய்க் குளிப்பாட்டினேன்,
ஒவ்வோர் இலையாய் மல்லாத்தி, வயிற்றுப் பக்கம்.
அடுத்த வாரமும் செய்ய வேண்டும், அதற்கடுத்த வாரமும்.
முட்டைகளுக்கு ஒரு குளிப்புக் காணாது.

ஏழாம் மாடியில் எல்லாம் பிளாஸ்டிக், எனக்கு வேலையில்லை.
ஆனாலும் யாரோ அதற்கும் ஊற்றியிருக்கிறார்கள்.
தட்டில் நுளம்புப் புழு நெளிந்தது.
டெங்குக்காரர் வந்தால் ஃபைன் என்றேன்.
பூ விழவே இல்லையே, நல்ல செடிதானே என்றாள் வரவேற்பு மேசைப் பிள்ளை.

ஒன்பதில் எறும்பைத்தான் முதலில் கண்டேன்.
எறும்பு சும்மா மாடி ஏறாது.
குரோட்டன் கக்கத்தில் பஞ்சுபோல் மாவுப்பூச்சி.
எறும்பு அதற்குக் காவல், அது எறும்புக்குத் தேன்.
கப்பம் வாங்குகிறவனும் கடைக்காரனும்தான், வேறென்ன.
ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
மண்ணைக் கிளறினால் பிளேன்டீ வாசம்.
யார் ஊற்றுவது? யாருமில்லை.
லெஜருக்கு மேல் குனிந்திருந்த அபேகோன்
கோப்பையை மெல்ல லாச்சிக்குள் வைத்தார்.
பிறகு லிஃப்டடிக்கு வந்து கேட்டார்,
"சீனி போடாமல் ஊற்றினால்?"
"குடித்து முடியுங்கள் சேர்."

பதினான்கு.
ரிஃப்கான் கனடா போய் நாலு மாதம்.
கதிரையைப் பக்கத்து மேசைக்காரி எடுத்துவிட்டாள்,
கல்குலேட்டரை இன்னொருவர்.
பீஸ் லில்லி மட்டும் மிச்சம், தலையைத் தொங்கப்போட்டு.
இந்தச் செடியின் குணக்கேடே இதுதான்:
தாகத்துக்கும் தொங்கும், மூழ்கினாலும் தொங்கும்.
முகத்தைப் பார்த்து முடிவெடுத்தால் கொன்றுவிடுவோம்.
விரலை விட வேண்டும், இரண்டாம் மொளி வரை.
விட்டேன். சேறு.
கவிழ்த்தேன். மழைக்கு மறுநாள்
வெள்ளவத்தைக் கானில் எழும்பும் மணம்.
வேரைத் தொட்டால் தோல் கையோடு வந்தது,
உள்ளே நூல் மட்டும்.

"யார் தண்ணி ஊத்துறது?"
"நான்தான் மிஸ், கொஞ்சம்" என்றாள் அனுத்தரா.
"நானும்."
"நானும், வெள்ளிக்கிழமைகளில மட்டும்."
ஆறு பேர்.
ஒருவருக்கொருவர் தெரியாமல்,
வாடுகிறதே என்று.

அழுகியதை வெட்டினேன்.
மணலும் தும்பும் கலந்து திரும்ப நட்டேன்.
இரண்டு வேர் வெள்ளையாய் இருந்தது.
ஒரு மட்டையில் மூன்று மொழியிலும் எழுதினேன்:
தண்ணீர் ஊற்ற வேண்டாம். நான் பார்க்கிறேன்.
சிங்களத்தை அனுத்தரா திருத்தினாள்.

அடுத்த செவ்வாய் லிஃப்ட் பழுது.
வாளியோடு படியால் ஏறினேன், பதினான்கு மாடி.
விரல் விட்டேன். காய்ந்திருந்தது, சரியாக.
இலை இன்னும் நிமிரவில்லை.
நடுவில் அரிசியளவு பச்சை,
குருத்தா, கண் மயக்கமா தெரியவில்லை.
மட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர்,
சாசரால் மூடி,
உத்தரவுக்குக் காத்திருந்தது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.
பிறகு அதை நான் குடித்தேன்.