முதல் விருப்பம்

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
மஞ்சக்குப்பம், ஆரோக்கியதாஸ் அண்ணன் கடை,
ஒரு மணி நேரத்துக்கு முப்பது ரூபாய்.
முதல் கட்டத்தில் கர்சர் மின்னி மின்னி நிற்கிறது
என்னைவிடப் பொறுமையாக.

பி.காம். போடச் சொன்னவள் லாஸ்பேட்டை அத்தை.
அவள் மகன் பாண்டிச்சேரியில் ஆடிட்டரிடம்
ஃபைல் தூக்குகிறான்,
சட்டை மட்டும் கசங்குவதே இல்லை.
பி.சி.ஏ. என்றார் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்.
நான் கேட்கவில்லை.
பையிலிருந்து மார்க் ஷீட் எட்டிப் பார்த்ததுதான் தப்பு.
ஷர்மிளாபானு பொறியியலுக்குப் போகிறாள்.
அவள் கட்-ஆஃப் நூற்று எண்பத்தாறு.
என்னுடையதை யாரிடமும் சொல்வதில்லை.
எல்லோரும் நல்லவர்கள்.
என் வாழ்க்கை அவர்களுக்கு
தெரிந்த ஊருக்கு வழி சொல்வது மாதிரி:
நேராப் போ, சிக்னல்ல லெஃப்ட்.

எங்கள் வீடு குடிகாட்டில்.
சிப்காட் சுவருக்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு தார்ச்சாலை, கொஞ்சம் சீமைக்கருவேலம்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல் காற்று திரும்பினால்
நாற்றம் வரும்.
சில நாள் அழுகிய முட்டை.
சில நாள் நெயில் பாலிஷ்.
சில நாள் பழுத்த பலாவோ என்று மயங்க வைத்து
பிறகு தொண்டையில் ஊசி.
அம்மா ஜன்னலைச் சாத்துவாள்,
தம்பி தூக்கத்தில் இருமுவான்,
"இன்னிக்கு என்னத்த விட்டானுங்களோ"
தெருவில் யாராவது சொல்வார்கள்.
அதோடு சரி.
பதினேழு வருஷமாக என் மூக்குக்குத் தெரிந்த ஒன்றுக்கு
எங்கள் தெருவில் பெயர் கிடையாது.

ப்ளஸ் டூ ஆய்வகத்தில் ஒரு மத்தியானம்
சோதனைக்குழாயில் உப்பு, அதன் மேல் அமிலம்.
எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
நான் சிரித்துவிட்டேன்,
எதிர்பாராத கல்யாணத்தில்
சொந்தக்காரரைப் பார்த்துவிட்டது போல.
ஹைட்ரஜன் சல்பைடு.
நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.
அன்று ராத்திரி ஜன்னலுக்குப் போய்
அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
நாற்றம் ஒன்றும் குறையவில்லை.
ஆனாலும்.

"கெமிஸ்ட்ரியா? ஸ்கோப் இல்லியேம்மா"
ஆரோக்கியதாஸ் அண்ணன் திரையைப் பார்த்துச் சொன்னார்.
போன வாரம் வரலாற்றுக்கும் அதைத்தான் சொன்னாராம்.

ஓ.டி.பி. அப்பா நம்பருக்குப் போகும்.
அப்பாவின் போன் கம்பெனி கேட்டில்,
செக்யூரிட்டி மேசையின் பிளாஸ்டிக் டப்பாவில்
மற்ற போன்களோடு கிடக்கும்.
உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஒரு பொறி போதுமாம்.
மூன்று முறை அனுப்பினேன்.
மூன்றும் பத்துப் பத்து நிமிஷத்தில் செத்தன.
இன்று கடைசி நாள்.
எனக்குப் பின்னால் நிற்பவர்
ஆதார் அட்டையால் விசிறிக்கொள்கிறார்.

இரண்டு ஐந்துக்கு அப்பா கூப்பிட்டார்.
நான்காவதை அனுப்பினேன்.
இருபத்திரண்டு வருஷம், இன்னும் கான்ட்ராக்ட்.
நீல டிரம்களை உருட்டுகிறார்.
மேலே ஒட்டியிருப்பதில் மண்டையோடு மட்டும் புரியும்.
லோடு எண்ணுகிற குரலில் சொன்னார்:
நாலு. ஒண்ணு. ஒண்ணு. எட்டு.
நிறுத்தினார்.
"என்ன படிப்புடி?"
"கெமிஸ்ட்ரிப்பா."
லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
பிறகு இருமல், அவருடையது.
"டிரம்மு மேல சீட்டு ஒட்டியிருக்கே,
அதைப் படிக்கிற படிப்பா?"
ஆமாம் என்றேன், நிச்சயமில்லாமல்.
"சரி. மாஸ்க் குடுக்கிற எடமாப் பாத்து
வேலைக்குப் போ."

"அப்பா, இன்னும் ரெண்டு நம்பர்."
"ஆங். ஏழு. பூஜ்யம்."

இரண்டாவது கட்டத்தில் அத்தையையும்
மூன்றாவதில் பஸ்காரரையும் உட்கார வைத்திருந்தேன்,
ஒருவேளைக்கு.
பிரிண்ட் எடுக்க ஐந்து ரூபாய் தனி.
தாள் இன்னும் சூடாக இருந்தது.
முகர்ந்து பார்த்தேன்.
இதற்கும் ஒரு பெயர் இருக்கும்.