சரிவு

கதவு ரப்பரில் நூறு ரூபாய்த்தாளைச் செருகி இழுத்தேன்;
தடையின்றி வந்தது.
பஞ்சிகாவத்தையில் ரப்பர் வாங்கினேன்,
செத்த கம்ப்யூட்டரின் விசிறிகள் இரண்டும்.

மட்டக்குளியில் நிற்கும் இந்தக் கரவன்
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
பின்புறத் தகட்டைக் கழற்றினால்
விரல்நக அளவில் நீலச் சுவாலை.
இந்த நெருப்புத்தான் உள்ளே குளிர் காய்ச்சுகிறது என்றால்
ஷிஃபானா நம்பமாட்டாள்.
வட்டிலப்பம் இரண்டாந்தடவை புளித்ததிலிருந்து
அவள் எதையும் நம்புவதில்லை.

விசிறி சுழன்றது, வெக்கை கூரைவழி போனது.
பதினான்கு பாகை.
அதற்குக் கீழே அசையவில்லை.

தேநீரை மேசையில் வைத்தவள்
கோப்பைக்குள் அது ஒருபக்கம் ஏறிநின்றதைப் பார்த்துச் சொன்னாள்:
"வண்டியே சரிஞ்சுதானே ஈக்கிது."

இடது சில்லுக்கடியில் ஒரு பலகை.

விடியும்போது, நாலு பாகை என்றேன்.
அவள் தேநீரைப் பார்த்துவிட்டுத்தான்
தலையாட்டினாள்.