பன்னிரண்டாம் அட்டை

ஒஸ்ட்ராவாவில் பிப்ரவரி.
சன்னல் விளிம்பில் கரி படிந்த பனி.
ஆலாதாருக்கு வயது ஆறு, இரண்டு மாதம், ஒன்பது நாள்.
அட்டவணைக்கு நாளும் வேண்டும்.

“படத்தில் எது இல்லை?”
முயலுக்கு ஒரு காது என்றான். சரி.
சீப்புக்குப் பல். சரி.
பிறகு, கைப்பிடி வரையாத கதவு.

இருபது நொடி ஓடவிட்டேன்.
“எல்லாம் இருக்கே.
எங்க வீட்டுக் கதவுதான் இது.”

கையேட்டில் அந்தப் பதில் இல்லை.
சுழியம் போட்டேன்,
கைப்பிடி கழன்ற துளை மாதிரி
வட்டமாக.

முடிந்ததும் இறங்கிப் போய்
என் அறைக் கதவைத் தோளால் முட்டினான்.
மறுபடி முட்டினான்.
திரும்பி என்னைப் பார்த்தான்.

மேசையில்
நிறுத்த மறந்த கடிகாரம்
எங்கள் இருவருக்கும்
ஓடிக்கொண்டிருந்தது.