வழக்கம்

அழகாபுரம் குடியிருப்போர் நலச் சங்கம்.
தலைக்கு அறுநூற்றைம்பது.
காலை டிபன், மதியம் இலைச்சாப்பாடு,
நடுவில் 'மலைமக்கள் வாழ்வியல் அறிதல்'.

கொண்டை ஊசி வளைவுகளை
கணக்கு வாத்தியார் மகள் உரக்க எண்ணினாள்.
பதினான்கில் வாந்தி எடுத்தாள்.
பதினைந்தை யாரும் எண்ணவில்லை.

வேன் நின்ற இடத்திலிருந்து
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குகளுக்கு நடுவே
அரை மணி நடை.
வழிகாட்டி ஜெயசீலன் திரும்பித் திரும்பிச் சொன்னார்:
கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்,
காசு கொடுக்காதீர்கள்,
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.
தலையாட்டினோம்,
எங்கள் வீடுகளில் என்னவோ
செருப்போடு படுப்பவர்கள்போல.

என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள்.
ரேஷன் அரிசி, என்றார் ஒருவர்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
சாமை? என்று எடுத்துக்கொடுத்தார் ஜெயசீலன்.
ஆமாங்க, சாமையும்.
எல்லாப் பேனாவும் அசைந்தது.

அப்போதுதான் அவள்
தட்டு நிறைய டம்ளர்களோடு வந்தாள்.
வெல்லம் போட்ட கறுப்புக் காபி.
டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன்.
பார்த்து என்ன, அவள் பார்த்துவிட்டாள்.

அஸ்தம்பட்டிக் கிளை, மூன்றாம் கவுண்டர்.
போன தை.
மாதாயி, கணவர் பெயர் சடையன்.
தோடு ஒரு ஜோடி,
கல் நீக்கி நான்கு கிராம் இருநூறு.
இடக்காதுத் திருகு கழலவில்லை.
தேங்காயெண்ணெய் இருக்குதுங்களா என்றாள்.
பேங்கில் எண்ணெய் ஏது?
சானிடைசரை நீட்டினேன்.
உறையில் எண் எழுதியது நான்.
போன வாரம் பதிவுத் தபாலில் போன
ஏல அறிவிப்பிலும் என் கையெழுத்துதான்.

பல் டாக்டர் ரேணுகாதேவி
அவள் காதருகே குனிந்து
துளையில் செருகியிருந்த குச்சியைப் பார்த்தார்.
"இது உங்க வழக்கமாங்க?"

எனக்கு ஒரு டம்ளர் கொடுக்க
எவ்வளவு நேரம் ஆகுமோ
அவ்வளவு நேரம் என்னைப் பார்த்தாள்.
"ஆமாங்க. எங்க வழக்கந்தான்."

டாக்டர் எழுதினார்:
வேப்பங்குச்சி. கிருமிநாசினி. முன்னோர் அறிவு.
என் நோட்டில் பாதிப் பக்கம் காலி.

கிளம்பும்போது காலி டம்ளரை வாங்கிக்கொண்டே
தாழ்ந்த குரலில் சொன்னாள்:
மாசக் கடைசிக்குள்ள வந்துருவேங்க.
என்ன சொன்னாங்க சார், என்றார் ஜெயசீலன்.
போயிட்டு வாங்கன்னாங்க, என்றேன்.

இறக்கத்தில் சங்கச் செயலாளர்
எழுந்து நின்று, கம்பியைப் பிடித்தபடி,
இன்று கற்றதில் ஒன்றை
ஆளுக்கொருவர் சொல்லச் சொன்னார்.
எளிமை, என்றார் ஒருவர்.
இருப்பதே போதும் என்கிற மனசு, என்றார் டாக்டர்.
பின்சீட்டில் யாரோ இயற்கை என்றார்கள்.

என் முறை வந்தபோது
கீழே சேலத்து விளக்குகள் தெரியத் தொடங்கியிருந்தன.
காபி நன்றாக இருந்தது, என்றேன்.
கைதட்டினார்கள்.

வாத்தியார் மகள்
இப்போது தலைகீழாக எண்ணிக்கொண்டு வந்தாள்.
ஏழு, என்றாள்.